1729-ம் 703-ம்

கும்பகோணத்து ராமானுஜனைப் பற்றிப் பேசாத தமிழ் எழுத்தாளன் இல்லை. அவருடைய கணிதத்தைப் பற்றி ஒரு வரி பேசக்கூடியவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. கணிதம் எல்லாருக்கும் வாய்க்கிற துறை இல்லை, எனக்கும் வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தோடு அதை விட்டுவிட்டு ஆங்கில இலக்கியம் படிக்கப் போனவன் நான். என் கவலை வேறு. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் எழுதிக் காட்டியது, ஹார்டி வந்த டாக்ஸியின் எண் 1729, துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம், முப்பத்திரண்டு வயதில் மரணம் — இவையெல்லாம் சேர்ந்து மேதைமை என்றால் இன்னதுதான் என்று நம் மனதில் ஒரு அச்சை வார்த்துவிட்டிருக்கின்றன. மேதையானவன் முறையாகப் படிக்காதவன்; வறியவன்; சீக்கிரம் சாகிறவன். முக்கியமாக, அவன் எதையும் செய்வதில்லை, எல்லாம் அவனுக்கு வருகிறது. இலக்கியத்திலும் இதே அச்சைத்தான் பயன்படுத்துகிறோம். பாரதியின் யானையைத் தெரிந்தவர்கள், சுதேசமித்திரன் அலுவலகத்தில் உட்கார்ந்து நாள்தோறும் செய்திகளை மொழிபெயர்த்து அவர் தன் உரைநடையைத் தேய்த்து எடுத்ததைப் பற்றி யோசிப்பதில்லை.

இந்த அச்சுக்குள் அடங்காததால் நம் கண்ணில் படாமலே போன ஒருவர் சிவசங்கரநாராயண பிள்ளை. உலகக் கணித நூல்களில் எஸ்.எஸ். பிள்ளை. எண் கோட்பாட்டில் அவர் பெயரால் ஒரு யூகம் இருக்கிறது, ஒரு சார்பு இருக்கிறது, ஒரு வகைப் பகா எண்களே இருக்கின்றன. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தவர். அந்தக் கல்லூரிச் சாலையில் தினமும் போய்வருகிற இலக்கிய நண்பர்கள் சிலரிடம் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பிள்ளை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாஞ்சில் நாட்டில் கல்லெறிந்தால் ஒரு பிள்ளையின்மேல்தான் விழும். தன் பெயரே தெரியாமல் வெறும் சாதிப்பட்டத்தோடு அறிவியலின் நிரந்தரச் சொற்பட்டியலில் இடம்பிடித்த விசித்திரமும் இவருக்கு நேர்ந்திருக்கிறது.

1901 ஏப்ரல் 5-ல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். தகப்பனார் சுப்பையா பிள்ளை, தாயார் கோமதி அம்மாள். தாயின் பெயரையும் மகனின் பெயரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சங்கரன்கோவில் தெரிகிறது: சங்கரநாராயணரும் கோமதியம்மனும். பிறந்து ஒரு வருஷத்தில் தாய் போய்விட்டாள். உறவுக்காரக் கிழவி ஒருத்தியின் துணையோடு தகப்பனார் வளர்த்தார். முக்கூடலில் நடுநிலைப் பள்ளி. பிறகு செங்கோட்டையில் உயர்நிலைப் பள்ளி. பள்ளியின் கடைசி வருஷத்தில் தகப்பனாரும் இறந்தார். சாஸ்திரியார் என்று மட்டும் குறிப்பிடப்படும் ஒரு வாத்தியார் கையிலிருந்து பணம் கொடுத்துப் படிப்பை நிற்கவிடாமல் காப்பாற்றினார். அதன்பின் உபகாரச் சம்பளத்தில் நாகர்கோவில். இன்னொரு உபகாரச் சம்பளத்தில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, பி.ஏ.

இந்த வரைபடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். செங்கோட்டை, நாகர்கோவில், திருவனந்தபுரம் மூன்றும் அன்று ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். தமிழ்ப் பையனுக்கு மேல்படிப்பு என்றால் மலையாளத் தலைநகரம்தான். அதே மகாராஜா கல்லூரியில்தான் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1897-ல் தாம் சாகும்வரை தத்துவம் போதித்தார். 1956 நவம்பர் 1-ல் எல்லை மாறியபோது செங்கோட்டையும் நாகர்கோவிலும் சென்னை மாநிலத்துக்கு வந்தன, திருவனந்தபுரம் கேரளத்துக்குப் போயிற்று. பிள்ளை அதைப் பார்க்க இருக்கவில்லை. ஆனால் அவரை யார் சொந்தம் கொண்டாடுவது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போனதற்கு இந்த எல்லையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தென்திருவிதாங்கூர்த் தமிழன் சென்னைக்கும் அன்னியன், திருவனந்தபுரத்துக்கும் அன்னியன். சென்னையிலிருந்து எழுதப்படும் தமிழ் வரலாற்றில் அவன் அடிக்குறிப்பு.

நாஞ்சில் நாட்டைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. இந்த மண்ணின் நல்ல மூளைகள் பலவும் சலிக்காமல் கணக்கெடுக்கிற மூளைகள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைக் குழந்தைப் பாட்டுக்காரராகக் கொண்டாடுகிறோம். கல்வெட்டுகளை வரிவரியாக வாசித்துக் காந்தளூர்ச் சாலையைப் பற்றி எழுதிய ஆராய்ச்சிக்காரரை மறந்துவிட்டோம். கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஏரி குளங்களின் மடையளவையும் சாகுபடிக் கணக்கையும் நம்பி வாழ்ந்த ஊரின் குணம் இது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். சொல்லிவைக்கிறேன்.

1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். கே. ஆனந்த ராவும் ஆர். வைத்தியநாதசுவாமியும் வழிகாட்டிகள். ஆனந்த ராவ் ராமானுஜன் காலத்தில் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்று திரும்பியவர், பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர். அதே வருஷங்களில் அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு திருநெல்வேலிச் சீமைப் பிள்ளை உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்: 1926-லிருந்து தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான வையாபுரிப் பிள்ளை. ஒருவர் சொற்களோடு, ஒருவர் எண்களோடு. ஆதாரமில்லாமல் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன் என்ற பிடிவாதம் இருவருக்கும் பொது. வையாபுரிப் பிள்ளைக்கு நம் சமூகம் அந்தப் பிடிவாதத்துக்காக வசை கொடுத்தது. இவருக்கு அதுகூட இல்லை.

1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய அந்த வருஷமே பிள்ளை அங்கே விரிவுரையாளராகப் போனார். 1941 வரை, பன்னிரண்டு வருஷம். அவருடைய முக்கியமான வேலை எல்லாம் அங்கே நடந்தது. இனி அந்த வேலைக்குள் கொஞ்சமாவது போகாமல் மேலே பேசுவது நேர்மையில்லை.

1770-ல் எட்வர்ட் வேரிங் என்ற ஆங்கிலேயர் நிரூபணம் எதுவும் தராமல் ஒரு கூற்றை அச்சிட்டார். எந்த எண்ணை எடுத்தாலும் அதை நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம். பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம். மற்ற அடுக்குகளுக்கும் இப்படியே. வர்க்கம் பற்றியதை அதே வருஷம் லக்ராஞ்ச் நிரூபித்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் இப்படி ஓர் உச்சவரம்பு நிச்சயம் உண்டு என்று ஹில்பர்ட் 1909-ல் காட்டினார். ஆனால் அந்த வரம்பு எவ்வளவு என்று ஹில்பர்ட்டின் நிரூபணம் சொல்வதில்லை. கிணற்றில் தண்ணீர் உண்டு என்று சொல்லிவிட்டார், ஆழம் சொல்லவில்லை.

ஆழத்தைக் கீழிருந்து பார்ப்பது சுலபம். 23 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 27 அதைவிடப் பெரிது, ஆகையால் 23-ஐக் கனங்களால் ஆக்க 8-ம் 1-ம்தான் கைவசம் உண்டு. இரண்டு 8, ஏழு 1. மொத்தம் ஒன்பது. எட்டில் முடிக்க வழியில்லை. நான்காம் அடுக்குக்கு 79: நான்கு 16, பதினைந்து 1, மொத்தம் பத்தொன்பது. ஆறாம் அடுக்குக்கு வருவோம். 1, 64, 729 என்று போகும். 729-க்குக் கீழே 703 என்ற எண். பதினோரு 64 என்றால் 704, ஒன்று கூடிப்போய்விடும். ஆக பத்து 64, மிச்சம் 63-க்கு 63 ஒன்றுகள். மொத்தம் எழுபத்து மூன்று. ஆறாம் அடுக்குகளில் எழுபத்து மூன்றுக்குக் குறைந்து காரியம் நடக்காது என்பதைப் பள்ளிக்கூடப் பையனே கண்டுபிடித்துவிடலாம்.

எழுபத்து மூன்று எல்லா எண்ணுக்கும் போதும் என்று காட்டுவதுதான் மலை. எண்களுக்கு முடிவில்லை. ரஷ்யாவில் வினோகிராதவ் முப்பதுகளில் உருவாக்கிய ஒரு முறை, மிகப் பெரிய ஓர் எல்லைக்கு அப்பால் உள்ள எண்களை எல்லாம் ஒரே வீச்சில் அடக்கிவிடும். ஆனால் அந்த எல்லை கற்பனைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கையால் சரிபார்த்து அட்டவணை போடக்கூடியது சில ஆயிரம், சில லட்சம் எண்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலைவனம். அதைக் கடக்க ஏணி கட்ட வேண்டும்: இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை இத்தனை அடுக்குகள் போதும் என்று தெரிந்தால், ஒரு அடுக்கைக் கூடுதலாக அனுமதித்து அதைவிட நீண்ட பரப்பைப் பிடிக்கலாம், அங்கிருந்து அடுத்தது. ஒவ்வொரு படியிலும் வீணாக ஒரு அடுக்கைச் செலவழித்துவிட்டால் எழுபத்து மூன்று எழுபத்து நான்காகிவிடும், எல்லாம் போயிற்று. நான் பார்ப்பது வங்கி வேலை. லெட்ஜர் காலத்து ஆட்கள், வருஷக் கடைசியில் பத்துப் பைசா டேலி ஆகாமல் விடியவிடிய உட்கார்ந்த கதையை இன்னும் சொல்வார்கள். பிள்ளையின் ஏணியைப் பற்றிப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய பேரேட்டில் பக்கங்கள் கொஞ்சம் அதிகம்.

முதலில் உயர் அடுக்குகளுக்கான பொதுச் சூத்திரத்தை 1935-36-ல் சாதித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் சிகாகோவில் டிக்சனும் அதைச் சாதித்தார். எண் கோட்பாட்டின் வரலாற்றையே மூன்று பெரிய பாகங்களில் எழுதியவர் டிக்சன். ஒரு ஆராய்ச்சிக்கூடமே அவர் பின்னால் இருந்தது. இந்தப் பக்கத்தில் சிதம்பரம். ஆறாம் அடுக்கு இந்தச் சூத்திரத்துக்குள் எளிதில் சிக்காமல் நின்றது. அதைப் பிள்ளை 1940-ல் முடித்தார். எழுபத்து மூன்று போதும். இந்திய அறிவியல் அகாடமியின் ஏட்டில் பதினோரு பக்கம். இதைவிடச் சிறிய அடுக்குகள் இதைவிடக் கடினமானவை என்பது விஷயம் தெரியாதவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஐந்தாம் அடுக்கைச் சீனத்துச் சென் சிங்ருன் 1964-ல் தீர்த்தார். நான்காம் அடுக்கை, வேரிங் சொன்ன அந்தப் பத்தொன்பதை, 1986-ல் நம் ஆர். பாலசுப்பிரமணியனும் இரு பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து தீர்த்தார்கள். அப்போது கம்ப்யூட்டர் இருந்தது. பிள்ளைக்குப் பென்சில் இருந்தது.

வினோகிராதவின் முறை எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு அழகு இருக்கிறது. 1918-ல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து எழுதிய, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கட்டுரையில்தான் அதன் விதை. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதை எடுத்து வேரிங் பிரச்னைக்குத் திருப்பினார்கள். ரஷ்யாவில் அது கூர்மை பெற்றது. பிறகு சிதம்பரத்துக்கு வந்தது. கும்பகோணத்துக்கும் சிதம்பரத்துக்கும் எழுபது கிலோமீட்டர்கூட இருக்குமோ என்னவோ. ஒரு யோசனை அந்தத் தூரத்தைக் கடக்க கேம்பிரிட்ஜையும் ரஷ்யாவையும் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. மரபையும் தனித்திறமையையும் பற்றி எலியட் 1919-ல் எழுதிய கட்டுரையை நம் பத்திரிகைகள் மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்த்துவிட்டன. மரபு உழைத்துப் பெறவேண்டிய பொருள் என்று அவர் சொன்னதற்கு இலக்கியத்துக்கு வெளியே ஒரு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம். ராமானுஜனின் வாரிசு என்று பிள்ளையைச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த வாரிசுரிமை கனவில் வந்ததில்லை. வெளிநாட்டுச் சஞ்சிகைகளைச் சிதம்பரத்தில் வரவழைத்து, வாசித்து, விளங்கிக்கொண்டு பெற்றது.

அவர் எங்கே எழுதினார் என்பது சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்குச் சற்றுச் சுடவேண்டிய விஷயம். இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சஞ்சிகையிலும் நிறைய எழுதினார். கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர் வி. ராமசாமி அய்யர் என்ற டெபுடி கலெக்டர். ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-ல் அந்தச் சஞ்சிகையில்தான் வந்தது. உத்தியோகத்தில் இருப்பவர் ஒருவர், சந்தா கட்டும் சில பேர், கிடைக்கிற அச்சகம்: அச்சு அசலாக நம் கதை. 1933-ல் மணிக்கொடி தொடங்குகிறது. 1935-ல் அது பி.எஸ். ராமையா கையில் சிறுகதைப் பத்திரிகையாகிறது. தமிழ்ச் சிறுகதை உலகத்தரத்தில் ஒரு தாவல் தாவுகிறது. அதே 1935-ல் சிதம்பரத்தில் ஒருவர் உலகத்தரத்தில் வேரிங் பிரச்னையை உடைத்துக்கொண்டிருக்கிறார். நாம் ஒன்றை மறுமலர்ச்சி என்கிறோம், மற்றதைக் கேள்விப்பட்டதேயில்லை. தமிழ்ப் பிரக்ஞை என்று நாம் ஓயாமல் எழுதுகிற பொருள் மொழிக்குள் மட்டும் இயங்குகிறதா என்ன? அந்த இரண்டு காரியங்களும் ஒரே காலத்தின், ஒரே தலைமுறையின் காரியங்கள். சேர்த்துப் பார்க்கிற பார்வை நமக்கு இல்லை.

சிறு சஞ்சிகையில் எழுதுவதற்கு விலையும் உண்டு. அமெரிக்கச் சஞ்சிகை எல்லா நூலகங்களுக்கும் போகும், அண்ணாமலைச் சஞ்சிகை போகாது. டிக்சனுக்கும் பிள்ளைக்கும் இடையில் யார் முந்தி என்ற கேள்வி எழுந்தபோது பிள்ளையின் பக்கம் பலவீனமாக இருந்ததற்கு இதுவே முக்கிய காரணம் என்பது என் அபிப்பிராயம். இன்று நூல்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கின்றன.

இன்னொன்று. ராமானுஜனுக்கு ஹார்டி என்ற கணிதக்காரர் கிடைத்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அவருக்கு ஹார்டி என்ற உரைநடைக்காரர் கிடைத்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளை ஆறாம் அடுக்கை முடித்த அதே 1940-ல் ஹார்டி தம் வாழ்வுக்கான நியாயத்தைச் சொல்லும் அந்தச் சிறு புத்தகத்தை வெளியிட்டார். ஆங்கில இலக்கிய மாணவன்கூட அதன் வாக்கியங்களுக்காக அதைப் படிக்கிறான். உலகம் இன்று காணும் ராமானுஜன் பெரும்பகுதி அந்தக் கையின் படைப்பு. பிள்ளைக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. லண்டனில் பிறந்த சௌலா நெருங்கிய நண்பர். 1930-ல் இருவரும் சேர்ந்து லண்டன் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் இடையே கணிதம் நிரம்பிய கடிதங்கள் ஓடின. கடிதம் கதை ஆகாது.

பிள்ளையின் மனம் எப்படி இயங்கிற்று என்று காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் வேரிங் பிரச்னை அல்ல. அடுத்தடுத்து வரும் எண்களைப் பற்றியது. தொடர்ச்சியாக ஐந்து எண்களை, அல்லது பத்து எண்களை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றாவது மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி ஏதும் இல்லாமல் தனித்து நிற்கும். பதினாறு எண்கள் வரை இது தவறுவதில்லை என்று பிள்ளை நிரூபித்தார். பதினேழில் தவறுகிறது. 2184-லிருந்து 2200 வரை பதினேழு எண்கள். அந்தக் கூட்டத்தில் தனித்து நிற்பவன் ஒருவனும் இல்லை. 2189-ஐப் பாருங்கள், 11-ஆல் வகுபடும், ஆனால் 2200-ம் 11-ஆல் வகுபடும். 2197 என்பது 13-இன் கனம், வேறு காரணியே கிடையாது, தப்பித்துவிட்டது என்று நினைப்போம். 2184 அந்தக் கோடியிலிருந்து 13-ஐக் காட்டி அதைப் பிடித்துவிடுகிறது. 2187 முழுக்க முழுக்க மூன்றால் ஆனது. அதற்கும் 2184-லேயே கண்ணி. ஒரு மாலைப்பொழுது தாளும் பேனாவுமாக இந்தப் பதினேழையும் நானே காரணிப்படுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்வதைப் பார்க்கையில் நல்ல துப்பறியும் கதையில்கூடக் கிடைக்காத திகில். பதினேழிலிருந்து 430 வரை ஒவ்வொரு நீளத்துக்கும் இப்படித் தப்புகிற கூட்டம் உண்டு என்று பிள்ளை காட்டினார். அதற்கு மேலும் எல்லா நீளத்துக்கும் உண்டு என்று 1941-ல் ஆல்ஃபிரெட் பிரௌவர் முடித்துவைத்தார்.

பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே இயற்கை ஏன் கோடு கிழித்தது என்று கேட்டால் அழகான பதில் ஒன்றும் கிடையாது. அங்கேதான் கோடு இருக்கிறது. அழகான பதிலை எதிர்பார்க்காமல் கோடு இருக்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கிற மனம் ஒரு வகை. நம் விமர்சனத்தில் இந்த வகை மனம் அரிது. எங்கே கோடு என்று பார்ப்பதற்கு முன்பே ஏன் என்று தத்துவம் பேச ஆரம்பித்துவிடுகிறோம். ராமானுஜனையும் பிள்ளையையும் தராசில் வைக்க நான் முயலவில்லை; வைத்தால் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பதில் பிள்ளைக்கே சந்தேகம் இருந்திராது. ஆனால் ராமானுஜன் பார்த்துப் பின்பற்றக்கூடியவர் இல்லை. பிள்ளை பின்பற்றக்கூடியவர். ஒரு கலாச்சாரத்துக்கு இரண்டாவது வகையினர் பத்துப் பேராவது இல்லாவிட்டால் முதல் வகையினர் வந்தாலும் அடையாளம் தெரியாது. ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைச் சென்னையில் பார்த்தவர்களில் அதை எடைபோடக்கூடியவர்கள் எத்தனை பேர்?

பிற்பாடு நடந்தவை விரைவில் சொல்லிவிடக்கூடியவை. 1941-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம். ஒரு வருஷத்தில் எஃப்.டபிள்யூ. லெவியின் அழைப்பின் பேரில் கல்கத்தா. லெவி ஜெர்மன் யூதர். நாஜிகளால் வேலையிழந்து கல்கத்தாவுக்கு வந்து கணிதத் துறைக்குத் தலைமை ஏற்றவர். 1942-ன் இறுதியில் கல்கத்தாவில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த வருஷம் பஞ்சம். அந்த நகரத்தில் இருந்துகொண்டுதான் பிள்ளை, வர்க்கம் கனம் முதலிய அடுக்கெண்களுக்கு இடையிலான இடைவெளிகளைப் பற்றித் தம் யூகத்தை 1945-ல் மறுபடி எடுத்து எழுதினார்.

1950-ல் பிரின்ஸ்டனில் உள்ள உயராய்வு நிறுவனம் அவரை ஒரு வருஷத்துக்கு அழைத்தது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆகஸ்ட் 30-ல் உலகக் கணித மாநாடு. 1936-க்குப் பிறகு, யுத்தத்தால் பதினான்கு வருஷம் தள்ளிப்போய் நடந்த மாநாடு. அதுவரை அன்னியப் பல்கலைக்கழகம் எதிலும் படிக்காமல், தமிழ்நாட்டிலும் திருவிதாங்கூரிலும் கல்கத்தாவிலும் இருந்தே தன் பெயரை உலகுக்குத் தெரியவைத்த மனிதர் நாற்பத்தொன்பது வயதில் புறப்பட்டார். பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் செல்லும் டிரான்ஸ் வேர்ல்டு விமானம். ஆகஸ்ட் 31-ல் கெய்ரோவை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் எஞ்சினில் தீப்பிடித்து நகரத்துக்கு வடமேற்கே பாலைவனத்தில் விழுந்தது. ஐம்பத்தைந்து பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. மாநாட்டின் இரண்டாம் நாள் அது.

அதே விமானத்தில் எகிப்திய சினிமா நட்சத்திரம் கமிலியா இருந்தார். போலந்துக்காரரான கட்டடக் கலைஞர் நோவிட்ஸ்கி இருந்தார். சண்டிகர் நகரத்துக்குத் திட்டம் வரைந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர், அவர் இறந்ததால்தான் அந்த வேலை லெ கொர்புசியேயிடம் போயிற்று. சினிமாச் சரித்திரத்தில் அது கமிலியாவின் விபத்து. கட்டடக் கலைச் சரித்திரத்தில் நோவிட்ஸ்கியின் விபத்து. தமிழில் அது யாருடைய விபத்தும் இல்லை. இத்தனைக்கும் நம் அச்சுக்கு வேண்டிய சோக முடிவு இதில் தாராளமாக இருக்கிறது; சிறுவயதில் அனாதை, உதவிய வாத்தியார், முதல் வெளிநாட்டுப் பயணத்தில் சாவு. ஒன்றுதான் குறை. தெய்வம் வரவில்லை.

கே. சந்திரசேகரன் கணிதக் கழகச் சஞ்சிகையில் இரங்கல் எழுதினார். வேரிங் பிரச்னையில் பிள்ளை செய்ததை ராமானுஜனுக்குப் பிற்பட்ட இந்தியக் கணிதத்தின் தலையாய காரியங்களில் ஒன்றாக மதிப்பிட்டார். பிள்ளையின் கட்டுரைகள் முழுமையாகத் தொகுக்கப்பட 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொகுத்தவர்களில் ஒருவர் பாலசுப்பிரமணியன், நான்காம் அடுக்கைத் தீர்த்த அதே மனிதர். ஏணியில் அடுத்த படி ஏறியவர் கீழ்ப்படியைத் துடைத்து வைத்திருக்கிறார்.

மிச்சம் இருப்பது அந்த யூகம். 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128 என்று வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட அடுக்கு எண்களை எல்லாம் ஒரே வரிசையில் எழுதுங்கள். இடைவெளிகள் ஒழுங்கில்லாமல் குதிக்கின்றன. 8-க்கும் 9-க்கும் நடுவே ஒன்று, 25-க்கும் 27-க்கும் நடுவே இரண்டு, 100-க்கும் 121-க்கும் நடுவே இருபத்தொன்று, உடனே மறுபடி நான்கு. இந்தக் குதிப்பு எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும், எந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னாலும் அது வரிசையில் எண்ணி முடிக்கக்கூடிய தடவைகளே வரும் என்றார் பிள்ளை. ஒன்று என்ற வித்தியாசம் 8, 9 தவிர வேறெங்கும் வராது என்று காட்டலான் 1844-ல் சொன்னதை 2002-ல் மிஹெய்லெஸ்கு நிரூபித்துவிட்டார். இரண்டுக்கு இன்னும் நிரூபணம் இல்லை. 25, 27 கைவசம் இருக்கிறது. வேறு ஜோடிகள் முடிவில்லாமல் வரமாட்டா என்று காட்ட ஒருவராலும் முடியவில்லை. ஆறு என்ற வித்தியாசத்தில் இதுவரை ஒரு ஜோடிகூட அகப்படவில்லை. கம்ப்யூட்டர்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.